அடுப்படிக்கு வெளிச்சம்: கண்ணாடி ஓடு, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டைச் சென்ற ஆண்டு பழுதுபார்த்தபோது, அடுப்படிக் கூரையில் ஆறு கண்ணாடி ஓடுகளைப் பதித்தோம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டதால், வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படுமாறு என் அனுபவத்தை எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு வெளிச்சம் முற்றத்தின் வழியாகவே வருகிறது. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் நிற்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்த சுவர், முற்றத்தில் விழும் வெயிலைக் கண் கூசாத ஒளியாக மாற்றி, உட்காருவதற்கு உயர்த்திக் கட்டிய பட்டாலை வரைக்கும் அனுப்பிவிடும். ஆனால் அறைக்குள் அறையாக அமைந்த இரட்டை வீட்டிலும், புகை படிந்த அடுப்படியிலும் நண்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அப்பத்தா அறுபது ஆண்டுகள் அந்த இருட்டில்தான் சமைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் உறுத்தலாக இருந்தது.

இதற்கு முன் ஓர் ஒப்பந்தக்காரர் பின்கட்டு நடைக்கு, ஒளி புகும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் தகடு போட்டுக் கொடுத்தார். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சுள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். அவர் தலைகீழாகப் போட்டுவிட்டதால் தகடு விரைவிலேயே மஞ்சளடித்துவிட்டது. இரண்டு மீட்டர் தகடு 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாமல் திருகை இறுக்கியதில் துளைகளைச் சுற்றி விரிசலும் கண்டது. அவரே முற்றத்தையும் தகடு போட்டு மூடச் சொன்னார். வீட்டின் சூடு வெளியேறும் வாசலே அதுதான் என்பதால் நான் இணங்கவில்லை.

கண்ணாடி ஓடு எளிய பொருள்தான். மங்களூர் ஓட்டின் வடிவிலேயே வார்த்திருப்பார்கள். இருந்தாலும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அச்சு மாறும். முதலில் வாங்கிய ஓடுகள் எங்கள் பழைய ஓடுகளோடு கவ்வாமல் விரற்கடை இடைவெளி விட்டன. கடைக்காரர் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. இரண்டாம் முறை கூரையிலிருந்து ஓடு ஒன்றைக் கழற்றிக் காரைக்குடிக்குக் கையோடு கொண்டுபோய், கடை வாசலிலேயே ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்து வாங்கினேன். நாட்டு ஓடு வேய்ந்த கூரைக்கு இது பொருந்தாது.

எங்கே பதிப்பது என்பதில் கொத்தனாருக்கும் எனக்கும் கருத்து மாறுபட்டது. வடக்குச் சரிவில் வைத்தால் வெயில் இறங்காது என்றார். ஆனால் நம் ஊர் ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆவணி வரை உச்சிப்பொழுதில் சற்று வடக்கே சாய்ந்தே கடக்கிறது. ஆகவே கோடையில் வடக்குச் சரிவுதான் அதிக வெயில் வாங்கும். தெற்குச் சரிவிலேயே ஆறையும் பதிக்கச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் சாரலும் அந்தப் பக்கம் குறைவு. கடந்த மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

அடுப்படிக்குள் ஏற்பட்ட மாற்றத்தை நேரில் பார்த்தால்தான் புரியும். முற்பகலில் ஆறு ஒளிக்கட்டங்கள் மேற்குச் சுவரில் தொடங்கி, சுவரை விட்டு இறங்கி, அம்மியைத் தாண்டி தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பச்சைப் பூவின் மேல் மெல்ல நகர்கின்றன. சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா, “இப்பத்தான்டா கல்லு கண்ணுக்குத் தெரியுது” என்றார்கள். சுவருக்கு வெள்ளையடித்ததும் பாதிக் காரணம். கரிபடிந்த சுவர் ஒளியை விழுங்கிவிடும்.

குறையும் உண்டு. பங்குனி, சித்திரையில் உச்சிவேளை வெயில் நேராக இறங்குவதால் அடுப்புக்கு எதிரே நிற்பது கடினம். ஆறுக்குப் பதில் நான்கு போதுமாயிருந்திருக்கும். அந்த மாதங்களில் இரண்டு ஓடுகளுக்கு அடியில் வெள்ளைத் துணி கட்டிவிடுகிறோம். தாளிப்புப் புகை உட்புறத்தில் பிசுக்காகப் படிவதால் மாதம் ஒருமுறை ஏணி வைத்துத் துடைக்க வேண்டியிருக்கிறது. கூரையேறுபவர் இதன்மேல் கால் வைக்கவே கூடாது என்பதால், ஓடு இருக்கும் இடங்களைக் கைமரத்தில் சுண்ணாம்பால் குறித்து வைத்திருக்கிறோம். இரட்டை வீட்டின் உள்ளறைக்கும் இரண்டு ஓடுகள் வாங்கி வைத்தாயிற்று. தை பிறந்ததும் பதிக்கிறோம்.