யார்க்டவுன் விமானந்தாங்கிக் கப்பல்: நேரம் ஒதுக்கிப் பார்க்கலாம்

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், பேட்ரியட்ஸ் பாயின்ட்டில் அருங்காட்சியகமாக நிற்கும் இந்தக் கப்பல், அந்தப் பெயரில் வந்த நான்காவது போர்க்கப்பல். இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலின் மிட்வே தீவருகே போரிட்டது இதுதான் என்று பலர் நம்பி வருகிறார்கள். அது இதே பெயரில் முன்பு இருந்த சி.வி.-5 (சி.வி. என்பது விமானந்தாங்கிக் கப்பலுக்கான அமெரிக்கக் கடற்படையின் குறியீடு), 1942 ஜூனில் மூழ்கிவிட்டது. இங்கே இருப்பது சி.வி.-10. பான்ஹோம் ரிச்சர்ட் என்ற பெயரில் கட்டத் தொடங்கியதை, அந்த இழப்புக்குப் பிறகு யார்க்டவுன் ஆக்கினார்கள். 1943 ஏப்ரலில் பணியில் சேர்ந்தது.

மேல்தளத்தில் இடப்பக்கமாகக் கோணத்தில் விலகிப் போகும் ஓடுபாதையைக் கவனியுங்கள். அது 1950களின் மாற்றம். போர்க்காலத்தில் தளம் நேராகவே இருந்தது. ஜெட் விமானம் தரையிறங்கும்போது, அதைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைத் தவறவிட்டால், முன்னால் நிறுத்திய விமானங்கள்மேல் மோதாமல் மீண்டும் எழும்ப இந்தக் கோணம் வேண்டியிருந்தது.

கோடையில் இயந்திர அறையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் இரும்பு கொதிக்கும். ஏணிப்படிகள் செங்குத்து, இறங்கும்போது படியைப் பார்த்தபடி, பின்னோக்கி இறங்குவதே பாதுகாப்பு. கதவுகளின் அடி விளிம்பு உயரமாக இருக்கும், முழங்கால் இடிக்கும். முன்மூடிய காலணி அவசியம். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக வந்தால் கீழ்த்தளங்கள் விட்டுப்போகும், அவைதான் கப்பலின் உயிர்.

யார்க்டவுன் என்ற பெயரைத் தாங்கிய முதல் இரண்டு கப்பல்களையும் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது: 1850இல் கேப் வெர்டே தீவருகே உடைந்த பாய்மரக் கப்பல், 1889இல் பணியில் சேர்ந்த பீரங்கிப் படகு. இதற்குப் பின் வந்த ஐந்தாவது யார்க்டவுன், 1984இல் வந்த ஏவுகணைக் கப்பல். 1997இல் கணினியில் பூஜ்யத்தால் வகுத்த பிழை அதன் உந்துவிசையையே நிறுத்தியது.