கம்பெனி மாறினேன், கம்பி மாறவில்லை

கோலாலம்பூர் செந்தூலில் பழைய அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். இங்கே வந்த பிறகு மூன்று இணையச் சேவை நிறுவனங்களைப் பார்த்துவிட்டேன். மூன்றாவதோடு இரண்டரை ஆண்டு ஓடிவிட்டதால் இப்போதுதான் கோபமில்லாமல் எழுத முடிகிறது. பெயர்களைச் சொல்லப்போவதில்லை. எனக்கு வாய்த்தது உங்கள் கட்டடத்துக்கு வராமலேகூட இருக்கலாம்.

முதல் நிறுவனத்தில் பகலெல்லாம் குறையில்லை. இரவு எட்டரை ஆனால் போதும், பினாங்கிலிருந்து காணொளியில் அழைக்கும் அம்மாவின் முகம் அப்படியே உறைந்து நிற்கும். குரல் மட்டும் சாப்பாட்டை விசாரித்துக்கொண்டிருக்கும். மழை பிடித்தால் அதுவும் போய்விடும். புகார் செய்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். நான் அணைத்துப் போட்ட கணக்குக்கு அந்த சுவிட்ச் தேய்ந்தே போயிருக்க வேண்டும். இடையில் வேகத்தை உயர்த்தித் தருவதாக அழைத்தபோது சரி என்று சொல்லித் தொலைத்தேன். 24 மாத ஒப்பந்தம் முதலிலிருந்து தொடங்கிவிட்டது.

அது முடியும்வரை காத்திருந்து இரண்டாவது நிறுவனத்துக்குப் போனேன். புது மோடம், மாதம் 20 ரிங்கிட் குறைவு. எட்டரைக்கு அம்மா மறுபடியும் உறைந்தார்.

பழுது பார்க்க வந்த மலாய்க்காரத் தம்பிதான் விஷயத்தைக் காட்டினார். கீழ்த்தளத்துத் தொலைபேசி அறையைத் திறக்கச் சொல்லி அழைத்துப்போனார். இணையத்தைக் கொண்டுவரும் ஃபைபர் என்ற கண்ணாடி இழை அந்த அறையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஒன்பது மாடி ஏறுவது கட்டடம் கட்டியபோது போட்ட செப்புத் தொலைபேசிக் கம்பி. முனைகளில் பச்சை பூத்திருந்தது. இரண்டு நிறுவனங்களும் எனக்கு விற்றது அந்த ஒரே கம்பியைத்தான்!

நம் நாட்டில் இது அதிசயமில்லை. ஒருவர் போட்ட கட்டமைப்பை மற்றவர்கள் மொத்த விலைக்கு வாங்கித் தங்கள் பெயரில் விற்கிறார்கள். 2018இல் அந்த மொத்த விலைகளைத் தொலைத்தொடர்பு ஆணையமான எம்.சி.எம்.சி. கட்டுப்படுத்திய பிறகுதான் மாதக் கட்டணங்கள் சரிந்தன. 2010இல் யூனிஃபை என்ற ஃபைபர் இணையச் சேவை வந்த புதிதில் 5 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 149 ரிங்கிட் கட்டியவர்களுக்கு அந்த அருமை தெரியும். ஆனால் பில் குறைந்தாலும் சுவருக்குள் இருக்கும் கம்பி பழையதுதானே.

மூன்றாவது முறை விளம்பரத்தைப் பார்க்கவில்லை. நிர்வாக அலுவலகத்துக்குப் போய், வீடுவரை சொந்த ஃபைபர் இழுக்க யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு நிறுவனம். அதை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கெஞ்சி, இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினியை கேபிளில் நேராக மாட்டி ஒரு வாரம் வேகத்தை அளந்தேன். வைஃபையில் அளந்தால் சுவர் தடுத்தது போக மிஞ்சியதைத்தான் அளக்கிறோம். மளிகைக் கடை நாட்காட்டியின் கட்டங்களில் எண்களைக் குறித்தேன். ஏழு நாளும் ஏறக்குறைய ஒரே எண்.

பொருத்தியவர் முடி போன்ற கண்ணாடி இழையின் தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, சிறு இயந்திரத்தில் வைத்தார். இரண்டு முனைகள் உருகி ஒட்டுவது அதன் திரையில் தெரிந்தது. என் மகள் பள்ளிக்கூடப் பாடத்தைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

பழைய இணைப்பைப் புதியது பத்து நாள் ஓடிய பிறகே துண்டித்தேன். மோடத்தைத் திருப்பிக் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்தது நல்லதாயிற்று. அதன் பிறகும் இரண்டு மாதம் பில் வந்தது. தொலைத்தொடர்புப் புகார்களைக் கவனிக்கும் பயனீட்டாளர் மன்றத்தில் ரசீதோடு புகார் போட்ட பிறகுதான் ரத்து செய்தார்கள்.

இதிலும் குறை உண்டு. மின்தூக்கி வேலைக்கு வந்தவர்கள் ஃபைபரை அறுத்துவிட, பெட்டியில் சிவப்பு விளக்கு நான்கு நாள் மின்னியது. வார இறுதியில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்கத் இணையத்தில் என் வீட்டுக்கென்றே தனி எண் முகவரி (ஐபி) கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மற்றபடி எட்டரை மணி அழைப்பு தடைப்படுவதில்லை. எனக்குப் பின்னால் மடிக்காமல் கிடக்கும் துணிகூட அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இப்போது ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் 1 ஜிபிபிஎஸ்சுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்சுக்கு, ஏறச் சொல்லி அழைக்கிறார்கள். ஏறினால் இன்னொரு 24 மாதம். நான்கு பேருக்கு 300 எம்பிபிஎஸ்சே மிச்சம் என்று மறுத்துவிட்டு, நீளமான கேபிள் ஒன்றை வாங்கி மகளின் மேசைவரை இழுத்துவிட்டேன்.