அத்தானுக்கு வந்த கானா தங்கம்

ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் அழைப்போம்) மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போய் வந்தேன். திருச்சியில் இறங்கி புதுக்கோட்டை வழியாகக் காரில் காரைக்குடி. பேசிய வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. பயணத்தில் குறையே இல்லை. எழுத வேண்டியது தங்கத்தைப் பற்றித்தான்.

பவுன் விலை ஏறுகிற ஏற்றத்தில் ஆச்சி வீட்டுக்காரர், எங்கள் அத்தான், கலங்கிப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து, கானாவில் சுரங்கம் வைத்திருப்பதாகச் சொல்லி ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறான். மார்க்கெட் விலையைவிட 25 சதவீதம் குறைவாம். வீடியோவைக் காட்டினார். சிவப்புத் துணி மேல் நாலு கட்டி, பக்கத்தில் வெள்ளைத் தாள். தாளில் பேனாவால் அத்தான் பெயரும் அன்றைய தேதியும். "என் பேரையே எழுதி வச்சிருக்கான் பாரு ஆத்தா" என்றார். நம்பிக்கைக்காக 5 கிராம் தங்கக் காசு ஒன்றும் கூரியரில் வந்திருந்தது. அதை நம்பி, கஸ்டம்ஸ் செலவு என்று கேட்ட 60,000 ரூபாயை அனுப்பிவிட்டார். நான் போனபோது இன்சூரன்சுக்கு இன்னொரு லட்சம் கேட்டுக்கொண்டிருந்தான்.

காசை எடுத்துக்கொண்டு டச், அதாவது தங்கத்தின் தரம், பார்க்கிற கடைக்குப் போனோம். மெஷின் 24 கேரட் என்றது. அத்தான் முகம் மலர்ந்தது. எனக்கு மனசு கேட்காமல், ஆச்சிக்குக் கழுத்துரு (எங்கள் தாலி) செய்த பத்தரின் மகனிடம் கூட்டிப் போனேன். அவர் தராசில் போட்டார்: சரியாக 5 கிராம். பிறகு பெட்டியிலிருந்து தன்னுடைய 5 கிராம் காசு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அகலம் ஒன்றுதான், ஆனால் நம்முடையது இரண்டு மடங்கு தடிமன். "மெஷினுக்கு மேல்தோல்தான் தெரியும்மா. வெட்டிப் பாத்துரலாமா?" என்றார். உளியை வைத்து ஒரே தட்டு. உள்ளே செம்பு சிவந்து கிடந்தது. செம்பு என்பதால் தடிமனே காட்டிக் கொடுத்தது. டங்ஸ்டன் என்ற உலோகத்தை வைத்திருந்தால் அந்த அடையாளமும் இருந்திருக்காது; அதன் அடர்த்தி 19.25, தங்கம் 19.3. அளவிலும் எடையிலும் வித்தியாசமே தெரியாது.

அப்பத்தா காலத்தில் பத்தரை வீட்டுக்கே வரவழைத்து, முகப்பில் உட்கார வைத்து, கண் முன்னால் உருக்கச் சொல்வார்களாம். அந்த வீட்டைச் சேர்ந்தவர்கள், பார்க்காத பொன்னுக்குப் பணம் அனுப்பலாமா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அன்று இரவு அத்தானோடு உட்கார்ந்து பேசினேன். கானாவில் 2025-ல் தங்க வாரியம் அமைத்து, சிறு சுரங்கத் தங்கத்தை வாங்கி ஏற்றுமதி செய்வதை அதன் கையில் கொடுத்துவிட்டார்கள். உலக விலையை ஒட்டி உள்ளூரிலேயே காசு கிடைக்கும்போது, தேவகோட்டைக்காரரான அத்தானுக்கு, முன்பின் தெரியாதவருக்கு, ஒருவன் ஏன் கால்வாசி விலையைத் தள்ளுபடி செய்ய வேண்டும்? அதோடு, கானாக்காரனுக்கு என்று அனுப்பிய பணம் வடநாட்டில் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குத்தான் போயிருந்தது. அதைச் சொன்னதும் அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

உடனே இணையப் பண மோசடிக்குப் புகார் சொல்லும் 1930-க்குப் போன் போட்டோம். போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு, பணம் அனுப்பிய விவரத்தைக் குறித்துக்கொண்டு புகார் எண் கொடுத்தார். மறுநாள் வங்கியில்தான் மனம் நொந்தது, மதியம் வரை உட்கார வைத்து, "நீங்களாத்தானே அனுப்புனீங்க?" என்றார்கள். நான் கிளம்பும் வரை, 18,000 ரூபாயை முடக்கி வைத்திருப்பதாக மட்டும் தகவல் வந்தது. பணம் போன அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் கூடுதலாகத் தடுத்திருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு அத்தான் நாலு நாளை வீணாக்கிவிட்டார்.

கல்யாண நகையைக் காரைக்குடியிலேயே எடுத்தோம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில், எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு இடம் கொண்ட எண் இருந்தே ஆக வேண்டும். லென்ஸ் வைத்துப் படித்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், என்ன நகை, எவ்வளவு தரம், எந்த மையத்தில் சோதித்தது எல்லாம் வரும். அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒரு வளையலின் எண்ணுக்கு மோதிரம் என்று வந்தது. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு வேறு வளையல் எடுத்து வைத்தார். அதன் எண்ணையும் போட்டுப் பார்த்த பிறகுதான் அத்தான் பில் போடச் சொன்னார்.