குழுச் செயற்றிட்டத்துக்கு எந்த இணையக் கருவி? பேட்லெட், மூடில், கூகுள் டொக்ஸ்

1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி பற்றிய நினைவுகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்கும் குழுச் செயற்றிட்டம் ஒன்றைத் தரம் 10 மாணவர்களுக்குக் கொடுத்தபோது, அவர்கள் சேர்ந்து எழுதுவதற்கு எந்தக் கருவியைத் தருவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. இணையப் பலகையான பேட்லெட், இணையவழிக் கற்றல் தளமான மூடில், ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய கூகுள் டொக்ஸ் ஆகிய மூன்றையும் பார்த்து, டொக்ஸையே தெரிந்தெடுத்தேன். மூன்றும் கைத்தொலைபேசியில் இயங்கும். மூன்றிலும் தமிழில் எழுதலாம். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை இவற்றில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும் என்பதால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தத் தொல்லை மூன்றுக்கும் பொது.

பேட்லெட்டின் பலம் எளிமை. இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டால், கணக்கு எதுவும் திறக்காமலே மாணவர்கள் படத்தையும் குரல்பதிவையும் பலகையில் ஒட்டிவிடலாம். பெரியவர்களின் பேச்சை அவர்களுடைய குரலிலேயே சேர்ப்பதற்கு அதைவிட இலகுவான இடம் இல்லை. ஆனால் அது துண்டுகளை அடுக்கும் பலகையே தவிர, நால்வர் சேர்ந்து ஒரே பந்தியைத் திருத்தி வளர்க்கும் இடமன்று. இலவசக் கணக்கில் வைத்திருக்கக்கூடிய பலகைகளின் எண்ணிக்கையும் குறைவு.

2002 முதல் வெளிவரும் மூடில் திறந்த மூல மென்பொருள். ஒப்படை, வினாவிடை, புள்ளிப்பதிவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அதன் விக்கிப் பகுதியில் சேர்ந்து எழுதவும் முடியும், எனினும் ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்றவருக்கு அந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கும். மூடிலை நடத்த வழங்கி (சேர்வர்) வேண்டும், இற்றைப்படுத்தவும் காப்புப்பிரதி எடுக்கவும் பொறுப்பான ஓர் ஆள் வேண்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு அது பெரிய காரியமன்று. ஒரு கணினி ஆசிரியரை நம்பியிருக்கும் பாடசாலையில் அவருக்கு இடமாற்றம் வந்தால் கதை வேறு. மூடிலை நான் கற்பவராகவே பயன்படுத்தியிருக்கிறேன், நிர்வகித்ததில்லை. ஆகவே பராமரிப்புச் சுமை நான் நினைப்பதைவிடக் குறைவாகவும் இருக்கக்கூடும்.

எனக்குத் தீர்மானமாக அமைந்த காரணி ஒன்றே: யார் எதை எழுதினார் என்பது தெரிய வேண்டும். எட்டுப் பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் எழுத, மீதி ஆறு பேரும் முகப்பு அட்டையில் பெயரை மட்டும் போட்டு ஒரே புள்ளியை வாங்கிக்கொள்வது காகிதக் காலத்திலிருந்தே நடப்பதுதான். டொக்ஸின் பதிப்பு வரலாற்றைத் திறந்தால், எந்த வரி யாரால், எந்த நாளில், எத்தனை மணிக்குச் சேர்க்கப்பட்டது என்பது ஆளுக்கொரு நிறத்தில் தெரிகிறது. ஒரு மாணவி முதல் நாள் “காற்று பலமாக அடித்தது” என்று மட்டும் எழுதியிருந்தாள். குழுவிலிருந்த இன்னொருவன் ஓரத்தில் “உங்கட வீட்டுக்கு என்ன நடந்தது?” என்று கருத்துரை இட்டிருந்தான். மறுநாள் அதே இடத்தில் கிடுகுக் கூரை பறந்ததும், அம்மம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடியதும் ஒரு முழுப் பந்தியாக வந்திருந்தன. இறுதிப் பிரதியை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டவனுக்கு நான் ஒரு புள்ளியும் கொடுத்திருக்கமாட்டேன். பேட்லெட்டில் உள்நுழையாமல் இடப்படும் பதிவு பெயரில்லாமல் நிற்கும். மூடில் விக்கியிலும் வரலாறு உண்டு, ஆனால் அருகருகே எழுதும் இந்த ஓட்டம் அதில் இல்லை.

இந்த வசதி தானாக வந்துவிடாது. “இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்” என்று பகிர்ந்தால், உள்நுழையாதவர்கள் பெயரற்றவர்களாகவே பதிவாவார்கள். ஆகையால் ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். அக்காவும் தம்பியும் ஒரே கைத்தொலைபேசியில், தகப்பனின் கணக்கில் எழுதும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே வரலாறு ஒரு பெயரைத்தான் காட்டும், ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டே புள்ளியிட முடியும். டேட்டா செலவைப் பொறுத்தவரை எழுத்து மிகக் குறைவாகவே எடுக்கும். குரல்பதிவுகளும் படங்களும்தான் ரீலோட்டைத் தின்னும் என்பதால் அவற்றை வகுப்பிலேயே ஏற்றச் செய்வது நல்லது.

நிறுவனம் நினைத்தால் நிறுத்திவிடும் என்ற அச்சம் டொக்ஸுக்கும் பொருந்தும். அதே கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31 உடன் முடிவுக்கு வந்தது. தவணை முடிவில் ஒவ்வொரு ஆவணத்தையும் வேர்ட் கோப்பாக இறக்கிப் பாடசாலைக் கணினியில் வைத்துவிடலாம். ஆனால் பதிப்பு வரலாறு அந்தக் கோப்போடு இறங்காது, எனவே புள்ளியிடும் வேலையை அதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.