மனை வாங்க ஆவடியா, அக்கம்பக்கத்து கிராமமா?

சென்னையின் பெரம்பூர், வியாசர்பாடியில் வாடகை கொடுத்துச் சலித்தவர்கள் ரயில் பாதையோடு மேற்கே தேடுவது ஆவடியைத்தான். 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையும் படை முகாம்களும் வளர்த்த ஊர், 2019இல் மாநகராட்சியானது. ரயில், பஸ், கடைத்தெரு எல்லாம் கைக்கெட்டும். அதற்கேற்ற விலை. ராணுவ நிலத்தின் மதிலை ஒட்டிய மனை மலிவாக வந்தால் மட்டும் உஷார்: வீடு கட்ட ராணுவத்தின் தடையின்மைச் சான்று கேட்கக்கூடும். முன்பணம் கொடுக்குமுன் விசாரியுங்கள்.

ஆவடியை அடுத்த மோரை, வெள்ளானூர் கிராமங்கள் பக்கம் அதே பணத்துக்கு இடம் அதிகம், சரிபார்க்கும் வேலையும் அதிகம். முப்பது வருட வில்லங்கச் சான்று (இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்) எடுத்துப் பாருங்கள். பட்டா, 'அ' பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராம வருவாய்ப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றிலும் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஒத்துப்போக வேண்டும். 'அ' பதிவேட்டில் ஏரி, வாய்க்கால், மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்றிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அரசு அங்கீகாரமில்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், பத்திரப்பதிவிலேயே சிக்கும். தரகர் கோடையில்தான் இடம் காட்டுவார். நீங்கள் நவம்பர் மழையில் போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறதென்று தெரியும்.

ரயிலை நம்பி ஆவடியைத் தாண்டித் திருநின்றவூர், வேப்பம்பட்டு வரை போகிறவர்களுக்கு ஒன்று: பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்று போர்டு போட்ட வண்டி அங்கே போகாது, கிளைப் பாதையில் திரும்பிவிடும்.

தினமும் பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறவருக்குச் சின்ன இடமானாலும் ஆவடியே வசதி.