‘வுட் ஃபினிஷ்’ என்று எழுதியிருந்தால் அது மரம் இல்லை: எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாராவது ஹாலை ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டைலில்’, அதாவது ஸ்வீடன், டென்மார்க் பக்கத்து வீடுகள் மாதிரி, மாற்றித் தருகிறோம் என்று சொல்லி, நீங்களும் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தால், அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 3,46,500 ரூபாய் போயிருக்கிறது. புதுச்சேரியில் உள்ள ஒரு இன்டீரியர் கடை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் வழியில் இருக்கிறது. அப்பா கட்டியது. ஹால் பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி. தங்கை ஸ்வீடனில் வேலை பார்க்கிறாள். வீடியோ காலில் அவள் வீட்டு ஹாலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அம்மாவுக்கும் ஆசையாக இருக்கும். வெள்ளைச் சுவர், வெளிர் நிறத்தில் நிஜ மரச் சாமான், தரையில் கம்பளி விரிப்பு, மூலைக்கு ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான், ஆனால் கண்ணுக்கு அப்படி ஒரு அமைதி. அம்மா அறுபத்தெட்டு வயதில் வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் இது. அதனால்தான் இவ்வளவு கோபம் எனக்கு.

2024 மே மாதம் அந்தக் கடைக்குப் போனோம். பேசியவர் விஷயம் தெரிந்தவர் மாதிரிதான் பேசினார். டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949ல் வடிவமைத்த விஷ்போன் நாற்காலியின் படத்தைக் காட்டினார். முதுகுப் பக்கம் ‘ஒய்’ வடிவத்தில் இருக்குமே, அது. இருக்கையைக் காகிதக் கயிற்றால் கையாலேயே பின்னுவார்கள், ஒன்றுக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு பிடிக்கும் என்று சொன்னார். அது உண்மைதான், பிறகு நானும் பார்த்தேன். அந்த மாதிரியே இரண்டு செய்து தருவதாகச் சொன்னார். டிவி யூனிட், சோபா, டீப்பாய், சுவர் அலமாரி எல்லாம் “ஆஷ் மரம் சார், இம்போர்ட்டட்” என்றார். ஆஷ் என்பது வெளிர் நிறத்தில் இருக்கும் ஒரு வெளிநாட்டு மரம். மொத்தம் 3,85,000 ரூபாய், இருபத்தைந்து நாளில் வேலை முடியும் என்றார்.

கொட்டேஷன் வந்தது. அதில் ஒவ்வொரு வரியிலும் ‘ஆஷ் வுட் ஃபினிஷ்’ என்று இருந்தது. நான் அதை ஆஷ் மரம் என்றே படித்தேன். ஃபினிஷ் என்றால் மேல்பூச்சு, மேலே ஒட்டும் மைக்கா. உள்ளே என்ன பலகை என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. பிளைவுட்டா, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.பா, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டா, எத்தனை எம்.எம். கனம், ஒன்றும் இல்லை. வாயால் சொன்னது மரம், தாளில் எழுதியது மரத்தின் நிறம்.

பாதித் தொகை முதலில். பொருள் இறங்கியதும் 40 சதவீதம், மீதி பத்து வேலை முடிந்ததும். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அறுபத்தொன்பதாயிரம் வீண்தானே சார் என்றார்கள். சரி என்றுவிட்டேன். பொருள் இறங்கிய அன்று எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. பிரித்துக் காட்டுங்கள் என்றால், பிட்டிங் ஆட்கள் வந்துதான் பிரிப்பார்கள் என்றார்கள். அன்றைக்கே 40 சதவீதத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு போன் எடுப்பது குறைந்துவிட்டது. மே மாதம் பேசிய வேலை ஆகஸ்ட் கடைசியில் முடிந்தது.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்டோபரில் மழை ஆரம்பித்தது. டிவி யூனிட்டின் அடிப்பக்கம், வீடு துடைக்கும்போது ஈரத்துணி படுகிற இடம், மெதுவாகத் தடித்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டை இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்து நின்றது. அக்டோபர் 21 அன்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, காற்றில் இருந்த ஈரம் மட்டும்தான். ஒரு வாரத்தில் அலமாரிக் கதவுகள் மூட முடியாமல் போயின. தரையில் ஒட்டியிருந்த மரத்தோற்றப் பலகை இணைப்புக்கு இணைப்பு மேலே தூக்கிக்கொண்டது.

அப்போது பதில் வந்தது: “இது புயல் சேதம் சார், எங்க பொறுப்பு இல்ல.”

தங்கையிடம் வீடியோ காலில் காட்டினேன். அவள் முதலில் கேட்டது இதுதான்: “அண்ணா, பலகையோட ஓரத்தைக் காட்டு. மேல ஓடுற ரேகை அப்படியே மடங்கி ஓரத்துலயும் இறங்குதா?” டீப்பாயைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே ஓடிய ரேகை விளிம்பில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிட்டது. ஓரத்தில் வேறு ரேகை. அதோடு, மேல்பலகையில் இருந்த ஒரு கண் முடிச்சு, சரியாக ஒன்றரை அடி தள்ளி, அச்சு அசலாக இன்னொரு முறை இருந்தது. மரத்தில் ஒரே முடிச்சு இரண்டு தடவை வராது, அச்சடித்த தாளில்தான் வரும். மூன்று மாதமாக அந்த டீப்பாயில்தான் தினமும் காபி டம்ளரை வைத்திருக்கிறோம்.

பண்ருட்டியிலிருந்து ஒரு ஆசாரியை வரவழைத்தேன். டிவி யூனிட்டின் பிரிந்த ஓரத்தில் உளியை வைத்து லேசாகத் தட்டினார். புட்டு உதிர்கிற மாதிரி உதிர்ந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துக் காட்டி, “இது மரத்தூளைப் பசை போட்டு அழுத்தினது சார். ஈரம் பட்டா ஊதும். ஒரு தடவை ஊதினா திரும்ப அடங்காது” என்றார். கடற்கரை ஊரில் தரையோடு நிற்கிற சாமானுக்கு இதைப் போடவே கூடாது என்றார். பிளைவுட் என்றால் பலகையிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 710 என்ற எண்ணும் அடித்திருக்கும், அதுதான் தண்ணீருக்குத் தாங்கும் மரைன் பிளை. ஐ.எஸ். 303 சாதாரண உபயோகத்துக்கு. மைக்கா ஒட்டும் முன்பே முத்திரையைப் பார்த்துப் படம் எடுத்துவிடுங்கள், ஒட்டிய பிறகு கடவுளுக்குத்தான் தெரியும்.

சந்தேகம் வந்த பிறகு மற்றதையும் பார்த்தேன். லினன் திரைச்சீலை என்று தனி விலை போட்டிருந்தார்கள். ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். நிஜ லினன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாகும். இது உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணியாகத் திரண்டது. பாலியஸ்டர். கம்பளி விரிப்பும் அப்படியே உருகியது. கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வந்திருக்க வேண்டும். விஷ்போன் மாதிரி என்று வந்த நாற்காலிகளில் இருந்தது நைலான் கயிறு. சுவரில் பழைய உப்பைச் சுரண்டாமல் புட்டியும் ஒரு கோட் பிரைமரும் அடித்து அதன்மேல் வெள்ளை பூசியிருக்கிறார்கள். டிசம்பரில் உப்புப் பூத்துப் படலம் படலமாக விழுந்தது.

பொருள் ஏமாற்று ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஸ்டைல் ஏன் அப்படி இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, இது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வீடு முழுக்கப் பரப்பத்தான் வெள்ளைச் சுவரும் பெரிய கண்ணாடி ஜன்னலும். கடலூரில் வருடத்தின் மிகச் சிறிய பகலே பதினோரு மணி நேரத்துக்கு மேல். இவர்கள் எங்கள் மேற்குப் பக்க மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு, திறக்கவே முடியாத ஒற்றைக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போனார்கள். மாலை மூன்று மணிக்கு மேல் அந்த ஹாலில் உட்கார முடியாது. மஞ்சள் வெளிச்சம், 2,700 அல்லது 3,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், ஆஸ்பத்திரி வராந்தா போல 6,500 கெல்வின் வெள்ளை டவுன்லைட் எட்டு.

வெளிர் நிற மரத்துக்கு இறக்குமதி வேண்டாம் என்பதையும் ஆசாரிதான் சொன்னார். பண்ருட்டிப் பலா மரம் அறுத்த புதிதில் நல்ல மஞ்சள் நிறம், நாளாக ஆகப் பழுப்பேறும். 2011ல் வந்த ‘தானே’ புயலில் விழுந்த பலாவில் அறுத்த பலகை அவரிடமே கொஞ்சம் இருந்தது. அதில் ஒரு பெஞ்ச் மட்டும் செய்யச் சொன்னேன். ஓரத்தில் ரேகை இறங்குகிறதா என்று அம்மாதான் முதலில் குனிந்து பார்த்தார்.

இப்போது புகார் நிலவரம். முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், கடைக்காரர் அசையவில்லை. அப்புறம் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கடை புதுச்சேரியில், வேறு யூனியன் பிரதேசம், அங்கேதான் போக வேண்டுமோ என்று பயந்தேன். தேவையில்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான், ஆகவே பில் இல்லையே என்று யாரும் ஒதுங்கிவிடாதீர்கள். ஜிபே பதிவு, கொட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் கொடுத்திருக்கிறேன். புயலுக்கு நாற்பது நாள் முன்பு, அக்டோபர் 21 அன்று அனுப்பிய அந்தப் படம்தான் எங்கள் பக்கம் இருக்கிற பெரிய பலம் என்று வக்கீல் சொல்கிறார்.

டிவி யூனிட்டைத் தூக்கி எறியவில்லை. ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும் என்று மாடிப்படிக்குக் கீழே செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். தினமும் காலையில் அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் தூளை அம்மா பெருக்கி எடுக்கிறார்.