இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா: நெல்லைச் சீமையின் பழைய முத்துச்சரங்களுக்கு எந்தச் சோதனை பொருந்தும்?

கொற்கையும் தூத்துக்குடியும் அடங்கிய பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், பாட்டி காலத்து முத்துச்சரம் என்றால் அது தூத்துக்குடிப் பாரில் (முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத்திட்டில்) குளித்தெடுத்த இயற்கை முத்துதான் என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எல்லாச் சரங்களுக்கும் பொருந்தாது. மனிதர் சிப்பிக்குள் ஒரு பொருளை வைத்து விளைவிப்பதே வளர்ப்பு முத்து; ஜப்பானின் உருண்டை வளர்ப்பு முத்துகள் 1920-களிலேயே உலகச் சந்தைக்கு வந்துவிட்டன. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியிலேயே, மன்னார் வளைகுடாவின் அதே பிங்க்டாடா ஃபுகாட்டா சிப்பிக்குள் உட்கருவை (முத்து படிவதற்கான மணியை) வைத்து உருண்டை முத்தை விளைவித்தது. கடலும் சிப்பியும் மேற்படலமும் ஒன்றாகவே இருக்கும்போது, முத்தின் உட்புறத்தைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அதைப் பார்ப்பதாகச் சொல்லும் வழிகள் பல. அவை ஒரே கேள்விக்கு விடை தருவதில்லை என்பதே இந்த அலசலின் மையம்.

பல்லில் தேய்த்துப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விலக்கிவிடலாம். முத்தின் மேற்படலம் அரை மைக்ரான் அளவு தடிமனுள்ள அரகோனைட் (ஒருவகைச் சுண்ணக் கனிமம்) தகடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து உருவானது. அந்தத் தகடுகளின் விளிம்புகளே பல்லில் நறநறப்பைத் தருகின்றன. கண்ணாடி மணியையும் பிளாஸ்டிக் மணியையும் கழிக்க இது உதவும். வளர்ப்பு முத்தின் மேலும் அதே படலமே இருப்பதால், இயற்கையையும் வளர்ப்பையும் பிரிக்க இது சிறிதும் உதவாது.

துளையைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது இதைவிட மதிப்புள்ளது. உட்கருவாக வைக்கப்படுவது பெரும்பாலும் நன்னீர் மட்டியின் ஓட்டிலிருந்து கடைந்த மணி. அந்த மணிக்கும் மேற்படலத்துக்கும் இடையில் கருமையான கோடு ஒன்று துளையின் வாயருகே தெரியலாம். கோடு தெளிவாகத் தெரிந்தால் அது வளர்ப்பு முத்து என்று சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. தெரியாவிட்டால் எதையும் முடிவு செய்ய இயலாது.

ஊடுகதிர்ப் (எக்ஸ்-ரே) படமே இந்தக் கேள்விக்கு நேரான விடை தருவது என்பது என் உறுதியான கருத்து. முத்தின் அடுக்குகளுக்கிடையே உள்ள கரிமப் பொருளான கொன்கியோலின், அரகோனைட்டைவிடக் குறைவாகவே ஊடுகதிரை உறிஞ்சுவதால், படத்தில் அது வேறுபட்ட கோடாகப் பதிகிறது. இயற்கை முத்தில் இக்கோடுகள் வெங்காயத்தின் குறுக்குவெட்டைப் போல மையத்தைச் சூழ்ந்து செல்கின்றன. உட்கரு வைத்த முத்தில் வட்டமான மணியின் எல்லை தனித்துத் தெரிகிறது. இத்துடன் ஊடுகதிர் ஒளிர்வையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நன்னீர் ஓட்டில் மாங்கனீசு மிகுதி என்பதால் அது ஊடுகதிர் பட்டதும் ஒளிர்கிறது. மாங்கனீசு குறைந்த கடல் முத்து பொதுவாக அவ்வாறு ஒளிர்வதில்லை. மேற்படலம் மிகத் தடித்திருந்தால் உள்ளிருக்கும் மணியின் ஒளிர்வு மங்கிவிடும் என்பதால், ஒளிர்வைத் துணைச் சான்றாகக் கொள்ளலாமேயன்றித் தனித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

சாதாரண ஊடுகதிர்ப் படம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உட்கரு மணி இல்லாமல், சிப்பியின் திசுத்துண்டை மட்டும் வைத்து வளர்த்த முத்துகளும், வளர்ப்புச் சிப்பியில் தற்செயலாய் உண்டான முத்துகளும் இயற்கை முத்தை வெகுவாக ஒத்திருக்கும். அவற்றின் நடுவே இருக்கும் ஒழுங்கற்ற குழிவுகளைத் தட்டைப் படத்தில் சரிவரக் காண முடியாமல் போகலாம். முத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பல நூறு படங்களெடுத்து முப்பரிமாணமாகக் கட்டும் மைக்ரோ சி.டி. முறையில் காணலாம். இம்முறையிலும்கூட வல்லுநர்கள் முடிவுக்கு வரத் தயங்கும் முத்துகள் இருக்கின்றன. ஊடுகதிர் முறைகள் எதுவும் முத்தைச் சேதப்படுத்துவதில்லை என்பது குடும்ப நகைக்கு மிக முக்கியம்.

கதிரியக்கக் கார்பனின் அளவைக் கொண்டு ஒரு பொருளின் வயதைக் கணிக்கும் கார்பன்-14 காலக்கணிப்பு இப்போது பலரையும் கவர்கிறது. சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர்கள் 2013 வாக்கில் முத்துகளில் இதைச் செய்து காட்டினர். துளையின் உட்சுவரிலிருந்து சில மில்லிகிராம் தூள் எடுத்தால் போதும். ஆனால் கடல்நீரின் கார்பன் காற்றின் கார்பனைவிடச் சில நூறாண்டு பழையதாகத் தோன்றும் என்பதால் அதற்கான திருத்தம் வேண்டும். முத்து பல நூற்றாண்டு பழையது என்று தெரிந்தால், வளர்ப்பு முத்துக்கு முற்பட்டது என்பதால் அது இயற்கை முத்தே. 1950-களின் அணுகுண்டுச் சோதனைகளால் கூடிய கார்பன்-14 அளவு காணப்பட்டால், அதற்குப் பின் விளைந்தது என்று தெரியும். நம் வீடுகளில் உள்ள சரங்களில் பல 1920-க்கும் 1960-க்கும் இடையில் வாங்கப்பட்டவையாக இருக்கக்கூடும். அந்த இடைக்காலத்தில் இரண்டு வகை முத்துகளும் சந்தையில் இருந்தன. வயது தெரிந்தாலும் வகை தெரியாது. ஆகவே திருநெல்வேலிச் சீமையின் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தச் செலவு வீண்.

டி.என்.ஏ. சோதனையும் அவ்வாறே. முத்துத் தூளில் எஞ்சியிருக்கும் மரபுப்பொருளைக் கொண்டு அது எந்தச் சிப்பியில் விளைந்தது என்று அறிய முடியும் என்பதும் 2013-இல் நிறுவப்பட்டது. கருமுத்து விளையும் கருப்பு உதட்டுச் சிப்பியின் முத்தை இது பிரித்துக்காட்டும். மன்னார் வளைகுடாச் சிப்பியும், ஜப்பானின் அகோயா சிப்பியும், பாரசீக வளைகுடாவின் சிப்பியும் நெருங்கிய ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே, "இது நம் தூத்துக்குடி முத்துதானா?" என்று கேட்பவருக்குச் சிப்பியினத்தின் பெயர் மட்டும் விடையாகாது.

நெல்லை டவுன் ரதவீதிக் கடைகளில் பழைய சரத்தை விற்க நினைப்பவர், சரத்தை அறுத்துக் கோர்ப்பதற்கு முன்பே, முத்துகளுக்கு ஊடுகதிர்ச் சோதனை செய்யும் ஆய்வகத்துக்கு அதை அப்படியே அனுப்புவது நல்லது. ஐயத்துக்குரிய முத்துகளுக்கு மட்டும் மைக்ரோ சி.டி. கேட்கலாம். ஒரே சரத்தில் இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே ஒரு முத்தின் முடிவை மொத்தச் சரத்துக்கும் ஏற்றாமல், ஒவ்வொரு முத்துக்கும் முடிவு எழுதித் தரச் சொல்ல வேண்டும்.